ஜெயக்கொடி அறுபதைத் தாண்டியபோது

தேரிமணல் சிவந்து கிடக்கும் பக்கத்தில், பனைக்கும் முருங்கைக்கும் நடுவே, கருக்குவிளை என்று ஓர் ஊர். அந்த ஊரில் மாவு மில் நடத்தும் ஜெயக்கொடி ஒரு குரூஸர் பைக் வாங்கினாள். வாங்கி, தெருத்தெருவாக மெதுவாக ஓட்டி, கால் பழகி, கை பழகி, பயம் தெளிந்து, ஓர் ஐப்பசி மாதக் காலையில் பைபாஸ் ரோட்டில் முதல்முறையாக அறுபது கிலோமீட்டர் வேகத்துக்கு முறுக்கினாள். அவள் முறுக்கிய அதே நேரத்தில், பைபாஸிலிருந்து எவ்வளவோ தள்ளியிருந்த கருக்குவிளை முழுவதும் கிடுகிடுவென்று அதிர்ந்தது. நிலநடுக்கம் இல்லை, பக்கத்து ஊரில் ஒரு முருங்கை இலைகூட அசையவில்லை. அவள் வேகத்தைக் குறைத்தாள், ஊர் நின்றது. மறுபடி அறுபதைத் தொட்டாள், மறுபடி அதிர்ந்தது. மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் விஷயம் விளங்கிவிட்டது, சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போனார்கள்.

ஏன் இப்படி என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. வண்டி அவளுடையது, அதிர்வு ஊருடையது, அவ்வளவுதான். தூரமும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அவள் திருநெல்வேலிக்கே போய் அங்கே அறுபதைத் தொட்டாலும், இங்கே கோயில் மணியின் நாக்கு தானாக ஆடும், டீக்கடைக் கண்ணாடி டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும், பேசிக்கொண்டிருந்தவர்களின் குரல் ஆட்டுக்குட்டியின் குரல் போல நடுங்கும், அறுபதுக்குக் கீழே அவள் இறங்கியதும் எல்லோரும் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்கள்.

ஜெயக்கொடி இந்த ஊருக்கு மருமகளாக வந்தவள். வந்த சில வருஷத்தில் புருஷன் மஞ்சள்காமாலையில் போய்விட்டான், மாமனார் மாமியாரும் போய்விட்டார்கள், மில் மட்டும் மிஞ்சியது. அதை அவளே ஓட்டினாள், பெல்ட் மாற்றினாள், கல் கொத்தினாள், மிளகாய் நெடியில் தும்மித் தும்மி நாற்பதை நெருங்கினாள். இந்தக் காலம் முழுவதும் அவள் ஊரைவிட்டு வெளியே போனதெல்லாம் பஸ்ஸில்தான், யாரோ ஒருவர் துணையோடுதான், எங்கே, எதற்கு, எப்போது திரும்புவாய் என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான். எங்கே போகிறேன் என்று ஒருவரிடமும் சொல்லாமல் ஒருநாள் போகவேண்டும், அது ஒன்றுதான் அவள் ஆசை, வேறு பெரிய ஆசை எதுவும் அவளுக்கு இல்லை. அதற்காகத்தான் தாழ்ந்த சீட்டும் அகன்ற ஹேண்டில்பாரும் நீட்டிய கால்மிதியுமாக அந்த வண்டியை வாங்கினாள், வெகுதூரம் போகிறவர்களுக்கு ஏற்ற வண்டி என்று கடைக்காரர் சொன்னதை நம்பி.

போயும் போயும் அப்படிப்பட்டவளுக்கு இப்படிப்பட்ட வண்டி வாய்த்தது. பஸ்ஸில் போனபோது கேட்டவருக்கும் துணைக்கு வந்தவருக்கும் மட்டும்தான் அவள் போக்குவரத்து தெரியும், இப்போது ஊருக்கே உடம்பில் தெரிந்தது. சாயங்காலம் வீடு திரும்பினால் ஊர் எல்லையிலேயே ஊர்க் கமிட்டித் தலைவர் வைகுண்டமணி நிற்பார். அவர் அவளுக்குப் புருஷன் வழியில் சொந்தம், மாமா முறை.

"ஏ மருமவளே, நாலு மணி வாக்குல அறுவதத் தாண்டிட்டியே, அப்படி என்ன அவசரம்? யாரு வீட்டுக்குப் போன?"

"துணி எடுக்கப் போனேன் மாமா, சாத்தான்குளத்துக்கு."

"துணிக்கா இந்த ஓட்டம்? துணி என்ன கால் மொளச்சு ஓடியா போவுது?"

அவள் வீட்டுக்குள் போவாள், போய் ஒரு செம்பு தண்ணீரை எடுத்தால் செம்பு கையில் நிற்காது. ஊர் அதிர்ந்த அதிர்வு வண்டியிலும் இருந்தது; அறுபதில் ஹேண்டில்பார் நடுங்கி, கால்மிதி நடுங்கி, சீட்டு நடுங்கி, பின்னால் வரும் சாலை கண்ணாடியில் ஒரே கலங்கலாகத் தெரிந்து, இறங்கும்போது அவள் உள்ளங்கைகள் இரண்டும் மரத்துப்போயிருக்கும். சில நாள் மாவு சலிக்கக்கூட விரல் மடங்காது.

ஊருக்கோ அந்த அதிர்வு நாளாக நாளாகப் பிடித்துப்போய்விட்டது. முதலில் இட்லிக்கடை தங்கபுஷ்பம்தான் கண்டுபிடித்தாள், அதிர்வு பட்ட மாவு பொங்குகிற பொங்கல் வேறு எந்த மாவுக்கும் இல்லை என்று. அவள் இட்லி வெளியூர் வரைக்கும் பேர் வாங்கிவிட்டது. முருங்கைத் தோட்டக்காரர்கள் காய் பறிக்கும் துரட்டியைக் கூரையில் செருகிவிட்டு மரத்தடியில் கோணியை விரித்தார்கள், காய் தானாக விழுந்தது. வெகுகாலமாகக் கையில் இறுகிப்போன வளையல்கள் கழன்றன, திறக்காத டிரங்குப் பெட்டிகள் திறந்தன, பேசாமல் இருந்த இரண்டு சகோதரர்கள் பல் தந்தியடிக்க ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டதில் பேச ஆரம்பித்தார்கள். வைகுண்டமணியின் இரண்டு முட்டிகளும், எந்தத் தைலத்துக்கும் மசியாத முட்டிகள், அதிர்வில் இளகி, அவர் கோயிலைச் சுற்றி வேகுவேகென்று நடக்கத் தொடங்கினார். சங்கடங்களும் இருந்தன, அவற்றுக்கும் வழி பார்த்தார்கள்: பனையேறிகள் அவள் வண்டியை எடுத்தாலே மரத்திலிருந்து இறங்கிவிடுவார்கள், சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிடுவார், பள்ளிக்கூடத்தில் அப்போது கணக்குப் பாடத்தை நிறுத்திவிட்டுப் பாட்டு நடத்துவார்கள், எந்தப் பாட்டைப் பாடினாலும் குரலில் நல்ல கமகம் விழுந்தது.

ஆனால் இவ்வளவு நல்லதும் எப்போது வரும் என்று தெரியாமல் இருந்தால் எப்படி? தங்கபுஷ்பம் மாவைக் கரைத்து வைத்துக் காத்திருப்பாள், ஜெயக்கொடி அன்றைக்குப் பார்த்து மில்லில் ஏதோ ரிப்பேர் என்று இருந்துவிடுவாள். ஆகவே கமிட்டி கூடியது. கூடி, ஜெயக்கொடி தினமும் விடிந்ததும் ஒருமுறை, வெயில் தாழ்ந்ததும் ஒருமுறை பைபாஸில் அறுபதில் போய்த் திரும்பவேண்டும், அதுதான் இனி அதிரு நேரம், மற்ற நேரத்தில் அவள் அறுபதைத் தொடக்கூடாது, வெளியூரில் தங்கவும் கூடாது என்று ஒருமனதாக முடிவெடுத்து, அவளுக்கு ஒரு பொன்னாடையும் போர்த்தினார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். அவளுக்கு அழுகையாக வந்தது. ஊரைவிட்டுப் போவதற்கு வாங்கிய வண்டியே அவளை ஊரோடு சேர்த்துக் கட்டிவிட்டது. பொன்னாடையை மடித்து மில்லுக்குள் போட்டுவிட்டு நேரே ஞானசிகாமணியின் மெக்கானிக் கடைக்குப் போனாள்.

ஞானசிகாமணி அந்தத் தாலுகாவிலேயே தன்னை விட்டால் ஆள் இல்லை என்று நம்புகிறவர், நம்புவதோடு நில்லாமல் சொல்லவும் செய்வார். கிறிஸ்தவர், ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் மணியடிப்பது அவர்தான், அன்றைக்கு மட்டும் கடை இல்லை. ஜெயக்கொடியின் வண்டியை அவர் ஏற்கெனவே எத்தனையோ தடவை பிரித்துக் கோத்திருந்தார். இன்ஜினைத் தாங்கும் ரப்பர்களை மாற்றினார், சக்கரத்து பேரிங்கை மாற்றினார், செயினையும் அது ஓடும் இரண்டு பல்சக்கரங்களையும் மாற்றினார், அதிர்வு மட்டும் மாறவில்லை.

"இந்த ஞானசிகாமணி கை வச்ச வண்டி ஒண்ணும் இதுவரைக்கும் திரும்பி வந்ததில்ல தங்கச்சி," என்றார்.

"இது வருதே அண்ணாச்சி."

"இது வண்டியா? எனக்கு வந்த சோதனைல்லா."

"சோதனையோ வேதனையோ, இதச் சரிபண்ணித் தாங்க. இல்லன்னா கமிட்டிக்காரங்க கையிலயே சாவியக் குடுத்துட்டு நான் மறுபடி பஸ்ஸுலயே போறேன்."

அவள் கண் கலங்கியிருந்ததை அவர் பார்த்துவிட்டார். பெருமைக்காரர்தான், ஆனால் இளகின மனசு. இந்தத் தடவை ஒன்றையும் மாற்றுவதில்லை, முதலில் நோய் எங்கே இருக்கிறதென்று கண்டுபிடிப்பது, அப்புறம்தான் ஸ்பானரைத் தொடுவது என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள். அதிர்வை ஊரே காட்டிக்கொடுக்கும் என்பதால், வேறு கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை.

முதலில் மில் முற்றத்தில் வண்டியை நிறுத்தி, கியர் போடாமல், இன்ஜின் அலறும்வரை முறுக்கினார்கள். ஊரில் ஒன்றும் அசையவில்லை. டீக்கடையில் இருந்தவர்கள்தான் குறைப்பட்டுக்கொண்டார்கள்: "காலையிலேருந்து அவ முறுக்குதா, ஒரு டம்ளர் ஆடுதா பாரு. நமக்கு வரவேண்டியத வேற எந்த ஊருக்கோ விட்டுட்டா."

அடுத்து ஞானசிகாமணி டீக்கடை பெஞ்சில் இரண்டு டம்ளரில் தண்ணீரைத் ததும்ப ஊற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஜெயக்கொடி செல்போனை ஹெல்மெட்டுக்குள் காதோரம் செருகிக்கொண்டு பைபாஸில் ஏறினாள்.

"அண்ணாச்சி, அறுவதத் தாண்டிட்டேன்."

"ஆடுது, நல்லா ஆடுது." அவர் குரலும் ஆடியது.

"இப்ப கிளட்ச்சப் புடிச்சிட்டேன். இன்ஜின் சும்மா கெடக்கு, வண்டி போன வேகத்துல தன்னால போவுது."

"இன்னமும் ஆடுது தங்கச்சி. டம்ளரு ரெண்டும் முட்டிக்கிட்டுக் கெடக்கு."

"வேகம் எறங்கிட்டு. அம்பத்தஞ்சு."

"நின்னுட்டு!"

அப்படியானால் இன்ஜின் மேல் பழியில்லை, கிளட்ச்சின் மேலும் இல்லை. இன்ஜின் அடங்கியிருந்தபோதும் சக்கரம் சுழன்றவரைக்கும் ஊர் ஆடியது. மூன்றாவது கியரில் அறுபது போகச் சொன்னார், இன்ஜின் வேகமாகத் துடிக்கும், ஊர் ஆடியது. ஐந்தாவது கியரில் அறுபது போகச் சொன்னார், இன்ஜின் நிதானமாக ஓடும், ஊர் அதே ஆட்டம் ஆடியது. இன்ஜின் எப்படி ஓடினாலும் ஊருக்குக் கவலையில்லை, சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதுதான் கணக்கு. முன்சக்கரத்தை ஏற்கெனவே தூக்கிச் சுழற்றிப் பார்த்தாயிற்று, அது ஒழுங்காக இருந்தது. மிச்சம் இருப்பது பின்சக்கரமும் அதை இழுக்கும் செயினும். இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகு ஞானசிகாமணி பெஞ்சிலேயே தலையில் கை வைத்துக்கொண்டார், ஏனென்றால் அவை எல்லாவற்றையும் அவர் புதிதாக மாற்றியிருந்தார். டீக்கடைக்காரரோ, நேரம் தவறிக் கிடைத்த அத்தனை அதிர்வுக்கும் நன்றியாக இரண்டு டீ கொண்டு வந்து வைத்தார்.

ஜெயக்கொடி பசியோடு தங்கபுஷ்பத்தின் வீட்டுக்குப் போனாள். இட்லி வரும்வரை அடுக்களையைப் பார்த்துக்கொண்டிருந்தவள், சட்டென்று எழுந்து அலமாரிப் பக்கம் போனாள். செம்பு, தூக்குவாளி, சருவம், கரண்டி வரை எல்லா ஏனங்களும் அலமாரியின் இடப்பக்கக் கோடியில் போய் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன, வலப்பக்கம் துடைத்துவிட்டதுபோல் காலியாக இருந்தது.

"ஏன் அக்கா எல்லாத்தையும் இந்தப் பக்கமா அடுக்கியிருக்க?"

"நானா அடுக்குனேன்? அதிரு நேரம் முடிஞ்சா எல்லாம் அந்தக் கோடிக்குப் போயி நிக்கும். ஒவ்வொரு தடவையும் எடுத்து வைக்க எனக்கு வேற வேல இல்லியா? எங்க வீட்ல மட்டுமில்ல, எங்க வேணும்னாலும் போய்ப் பாரு."

அவள் இட்லியை விட்டுவிட்டுப் போய்ப் பார்த்தாள். வீடு வீடாக ஏறி இறங்கினாள். வடக்கே பார்த்த அலமாரியிலும் தெற்கே பார்த்த அலமாரியிலும், ரேஷன் கடைத் தட்டிலும் கோயில் விளக்குப் பலகையிலும் வேதக்கோயில் மெழுகுதிரி மேசையிலும், எல்லாப் பொருளும் இடப்பக்கம்தான் நகர்ந்திருந்தது. ஊருக்கு அது பழகிப்போய் எவ்வளவோ நாளாகிவிட்டது; தச்சர் இடப்பக்கம் மட்டும் உயரமாகத் தடுப்பு வைத்த அலமாரிகளைச் செய்து விற்றுக்கொண்டிருந்தார், யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

மில்லில் பெல்ட் ஓடும்போது ஒரு பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து போனால் என்ன அர்த்தம் என்று ஜெயக்கொடிக்குத் தெரியும். பெல்ட் மேல் குற்றமில்லை, அதைச் சுழற்றும் இரண்டு சக்கரங்களும் ஒரே நேர்கோட்டில் இல்லை. எத்தனை புதுப் பெல்ட் போட்டாலும் அது ஒரு பக்கம் போகத்தான் செய்யும். அவள் ஓடினாள், ஓடும்போதே கத்தினாள்.

"அண்ணாச்சி! பின்சக்கரம் கோணிக்கிட்டு நிக்கு! இடப்பக்கம் கோணி நிக்கு!"

"கோணலா? நான் மாட்டுன சக்கரமா?"

"நூலப் பிடிங்க அண்ணாச்சி."

நூல் பிடித்தார்கள். முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டிய நூல், வலப்பக்கம் டயரோடு ஒட்டியது, இடப்பக்கம் விரல் நுழையும் அளவுக்கு விலகி நின்றது. ஞானசிகாமணி நூலை மறுபடி இழுத்துப் பார்த்தார். பின்சக்கரத்தின் அச்சை முன்னும் பின்னும் நகர்த்திச் செயினை இறுக்கும் இடத்தில், இரண்டு பக்கமும் வண்டிக் கம்பெனியே கோடு கோடாக வெட்டி வைத்திருக்கும். இந்தப் பக்கம் அச்சு எந்தக் கோட்டில் நிற்கிறதோ, அந்தப் பக்கமும் அதே கோட்டில் நிற்கவேண்டும், சக்கரம் நேராக நிற்க அதுதான் ஒரே வழி.

"கோட்டப் பாத்துதான மாட்டுனிய?" என்றாள் ஜெயக்கொடி.

"கோடு எங்க தெரியுது? எல்லாம் உன் பொட்டுக்கு அடியில கெடக்கு."

இரண்டு பக்கமும் அச்சு நுனியை ஒட்டி, வட்டமாக, சந்தனமும் குங்குமமும் எண்ணெயும் செயின் புழுதியும் சேர்ந்து கல்லாகிப்போன இரண்டு பொட்டுகள் இருந்தன. வண்டி வாங்கிய வருஷம் ஆயுத பூஜைக்கு மில் மிஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்தபோது, ஜெயக்கொடி வண்டிக்கும் வைத்தாள், அடுத்தடுத்த பூஜைக்கும் அதே இடத்தில் பழைய பொட்டின் மேலேயே வைத்தாள்.

"பொட்டு இருந்தா என்ன, தொடச்சிட்டுக் கோட்டப் பாத்திருக்கலாம்லா?"

"உங்க அம்மன் பொட்ட நான் தொடைக்கவா?" ஞானசிகாமணி பதறிவிட்டார். "நாள பின்ன ஊருக்குள்ள எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நடமாடுவேன்? முதல் பூஜ முடிஞ்ச மறுவாரம் பஞ்சராகி வந்துது பாரு, அன்னைக்கே பாத்தேன். சரி, தங்கச்சி மில்லு நடத்துற ஆளு, கணக்கான கைக்காரி, கோட்டு மேலதான் சரியாப் பொட்டு வச்சிருக்கும்னு நெனச்சு, ரெண்டு பக்கமும் பொட்டுக்கு நேராவே அச்ச நிறுத்திட்டேன். அன்னையிலேருந்து எத்தன தடவ கழத்தி மாட்டினாலும் பொட்டுக்கு நேராத்தான் மாட்டுவேன். ஒரு மயிரிழ பெசகாது."

"ஐயோ அண்ணாச்சி! நான் எங்க கோட்டப் பாத்தேன்? ரெண்டு பக்கமும் கண்ணு மாதிரி இருக்கட்டும்னு அழகுக்குல்லா வச்சேன்!"

"கண்ணு ஒண்ணரக் கண்ணாப் போச்சே தாயி!"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் ஞானசிகாமணி சிரித்தார், பிறகு அவள் சிரித்தாள், சிரிப்பை அடக்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் அவள் சாமிக்குக் கொடுத்த மரியாதையும், அவள் கைக்கணக்கின் மேல் அவர் வைத்திருந்த நம்பிக்கையும் சேர்ந்துதான் இந்த ஊரை இத்தனை நாளாக ஆட்டியிருக்கின்றன. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "கோவிச்சுக்காத தாயே, வேற எடத்துல நல்லாப் பெருசா வைக்கேன்," என்று அம்மனிடம் சொல்லிவிட்டு, ஒரு துணியை மண்ணெண்ணெயில் நனைத்தாள்.

அதற்குள் விஷயம் பரவி, வைகுண்டமணி முன்னால் வர, பாதி ஊர் கடை வாசலில் கூடிவிட்டது.

"தொடைக்காத!" என்றார் அவர். "சொல்லிட்டேன், தொடைக்காத. வண்டி வேணா ஒன்னோடதா இருக்கலாம், அதிரு ஊருச் சொத்து. கமிட்டியில முடிவாயிருக்கு."

பெரியவரை எதிர்த்து அவள் பேசியதே இல்லை. இப்போதும் குரலை உயர்த்தவில்லை. மண்ணெண்ணெய்த் துணியைக் கீழே வைத்துவிட்டு, அவர் முன்னால் போய் இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டினாள்.

"புடிச்சுப் பாருங்க மாமா."

அவர் தயங்கிப் பிடித்தார். வண்டி ஸ்டாண்டில் நின்றது, இன்ஜின் அணைந்து கிடந்தது, ஆனாலும் அந்தக் கைகள் இரண்டும் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டே இருந்தன. நடுக்கம் அவர் கைக்கு ஏறி, முழங்கைக்கு ஏறியது.

"உங்க முட்டி சரியானது இந்தக் கையாலதான் மாமா. நான் வேண்டாங்கல்ல. ஆனா இந்த வீட்டுக்கு வந்த நாளா நான் எங்க போறேன், எப்ப வாரேன்னு உங்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லியே எனக்கு வயசாயிட்டு. ஒரு நா, ஒரே ஒரு நா, ஒருத்தருக்கும் தெரியாம நான் போகணும். அதுக்காகத்தான் இந்த வண்டிய வாங்குனேன். எனக்கு அது வேணும் மாமா."

வைகுண்டமணி கையை விடவில்லை. பின்னாலிருந்து தங்கபுஷ்பம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அதிர்வு நின்றால் எல்லோரையும்விட நஷ்டப்படப்போகிறவள் அவள்தான்.

"என் வீட்ல கல்லு உரலு இன்னமும் கெடக்கு," என்றாள். "அதுக்கு முந்தி நான் என்ன இட்லி விக்காமலா இருந்தேன்? நீ தொடச்சிரு ஜெயா. யாரு தடுக்கான்னு பாப்போம்."

"அப்ப என் முட்டி?" என்றார் வைகுண்டமணி, சின்னக் குரலில்.

"உங்க முட்டிக்குத் தைலம் போட உங்க மவன் அடுத்த தெருவுலதான இருக்கான்? ரெண்டு பேரும் பேசாம கெடந்தா தைலம் என்ன செய்யும்? போயிக் கூப்பிடுங்க."

யாரோ சிரித்தார்கள். வைகுண்டமணிக்குக் கோபம் வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள், வரவில்லை. அவர் ஜெயக்கொடியின் கைகளை மெதுவாக அவளிடமே ஒப்படைப்பதுபோல விட்டுவிட்டு, "சரியாயிட்டுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"ஆடாது மாமா. அப்படித்தான் தெரியும்."

பொட்டு துடைக்கப்பட்டது. அடியில் கோடுகள் புத்தம்புதிதாக மின்னின. வலப்பக்க அச்சு ஒரு கோட்டிலும் இடப்பக்க அச்சு வேறொரு கோட்டிலும் நின்றதை ஊரே குனிந்து குனிந்து பார்த்தது. ஞானசிகாமணி அச்சைத் தளர்த்தி, இரண்டு பக்கமும் கோட்டுக்குக் கோடு நிறுத்தி, செயினை அளவாக இழுத்து, கோணல் ஓட்டத்தில் தேய்ந்திருந்த பல்சக்கரத்தையும் மாற்றி இறுக்கினார். நூல் இரண்டு பக்கமும் டயரோடு ஒட்டி நின்றது.

கருக்குவிளைக்காரர்கள் எதையும் விழாவாக்காமல் விடமாட்டார்கள். அதிர்வைக் கொண்டாடியவர்கள் இப்போது அதிராமல் இருப்பதையும் பார்க்கவேண்டும் என்று, வீட்டுக்கு வீடு பெரிய ஏனமாகப் பார்த்துத் தண்ணீர் நிரப்பித் தெருவில் வரிசையாக வைத்து, பாய் விரித்து, அலை எழுகிறதா என்று குனிந்து பார்த்தபடி உட்கார்ந்தார்கள். ஜெயக்கொடி அந்த வரிசைக்கு நடுவே மெதுவாக வண்டியை ஓட்டிக்கொண்டு ஊர் எல்லையைத் தாண்டினாள். யாரும் எங்கே என்று கேட்கவில்லை, தண்ணீரைப் பார்ப்பதில் மும்முரமாக இருந்தார்கள்.

பைபாஸில் ஏறினாள். நாற்பது. ஐம்பது. ஐம்பத்தைந்தில் வழக்கமாகக் கால்மிதி கிறுகிறுக்கும், அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள், ஒன்றும் கிறுகிறுக்கவில்லை. அறுபது. ஹேண்டில்பார் அவள் கைக்குள் சும்மா இருந்தது. கண்ணாடியில் பின்னால் வரும் சாலை கலங்காமல், தெளிவாக, வெள்ளைக் கோடு முதற்கொண்டு தெரிந்தது, தனக்குப் பின்னால் இவ்வளவு நீளமான சாலை இருந்ததை அவள் அன்றுதான் பார்த்தாள். எழுபது, எண்பது. நாங்குநேரி போயிற்று, வள்ளியூர் போயிற்று, இரண்டு பக்கமும் பனைகள் போயின, வாழைகள் போயின, மலை கிட்டே வந்தது, ஹெல்மெட்டுக்குள் அவள் வாய்விட்டுக் கத்தினாள், கத்தியது யாருக்கும் கேட்கவில்லை, அதனால் இன்னும் பலமாகக் கத்தினாள். அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம், கல்யாணத்தன்றுகூட அவளுக்கு அப்படி இருந்ததில்லை.

ஆரல்வாய்மொழிக்கு அப்பால், காற்றாடிகள் சுழலும் இடத்தில், தண்ணீர் குடிக்க நிறுத்தினாள். மூடியைத் திறந்து குடித்தாள், கை நடுங்கவில்லை. பைக்குள் போன் அடித்தது. ஞானசிகாமணி.

"தங்கச்சி, இன்னும் அறுவதத் தொடலியா?" அவர் குரலில் அப்படி ஒரு கவலை. "ஊரே காத்துக்கெடக்கு. ஒரு ஏனத்துலயும் தண்ணி அசையல்ல. வண்டி வழியில நின்னுபோச்சுன்னா சொல்லு, அந்தால ஓடி வாரேன்."

"அண்ணாச்சி," என்றாள் ஜெயக்கொடி, "நான் ஆரல்வாய்மொழி தாண்டியாச்சு."

அவர் அதைத் திரும்பி யாரிடமோ சொல்வது கேட்டது, அவர் இன்னொருவரிடம் சொல்வது கேட்டது, பிறகு ஒரு கரகோஷம், குலவை, தகரத்தைத் தட்டும் சத்தம், போனே வெடித்துவிடுவது போன்ற கூச்சல், அதற்கு மேலே "ஞானசிகாமணி கை வச்ச வண்டில்லா!" என்று அவர் கத்துவதும் கேட்டது. கூச்சலுக்கு நடுவே வைகுண்டமணி போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"ஏ மருமவளே! எவ்வளவுல போன?"

"தொண்ணூறு மாமா."

"தொண்ணூறா! எங்களுக்கு ஒண்ணுமே தெரியலியே! மயிலிறகு வச்ச மாதிரில்லா கெடந்துது ஊரு! எங்கட்டி போற இப்ப?"

ஜெயக்கொடி முன்னால் கிடந்த சாலையைப் பார்த்தாள். காற்று அவள் சேலைத் தலைப்பை இழுத்துப் பறக்கவிட்டது.

"சொல்ல மாட்டேன் மாமா."

அவர் சிரிக்க ஆரம்பித்தார், வயிறு குலுங்கச் சிரித்தார், "சொல்ல மாட்டாளாம்!" என்று ஊருக்கு அறிவித்தார், ஊர் முழுவதும் திருப்பிக் கத்தியது: "சொல்லாத! சொல்லாத ஜெயக்கொடி! சொல்லாத!"

அவள் போனை அணைத்துப் பைக்குள் போட்டாள், வண்டியில் ஏறினாள், முறுக்கினாள். அன்றைக்கு அவள் எங்கே போனாள் என்று கருக்குவிளையில் இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.